பரணில் கிடக்கும் காமிக்ஸ்: அரிய பிரதி எது, கையெழுத்துக்கு மதிப்பு எதனால்?

வீடு மாறும்போதும், பெரியவர்கள் காலமான பிறகு அவர்களின் அறையை ஒழிக்கும்போதும் பரணிலிருந்து இறங்கும் பெட்டிகளில் பழைய காமிக்ஸ் புத்தகங்கள் இருப்பதுண்டு. அட்டை கிழிந்து, தாள் பழுத்து, பூச்சி அரித்த அந்தப் புத்தகங்கள் பெரும்பாலும் போய்ச் சேரும் இடம் ‘சூராட் காபார் லாமா’ லாரிதான். பழைய நாளிதழ்களோடு சேர்த்து எடைக்குப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது.

அந்தக் கட்டில் கிடக்கும் ஓர் இதழைப் பல ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருப்பவர்களும் இருக்கிறார்கள். பினாங்கு சௌராஸ்தா சந்தையின் மாடியிலும், பெட்டாலிங் ஜெயா அம்கார்ப் மாலின் வார இறுதிப் பழம்பொருள் சந்தையிலும், சிங்கப்பூர் பிராஸ் பாசா வளாகத்தின் பழைய புத்தகக் கடைகளிலும் அடுக்கு அடுக்காகப் புரட்டிப் பார்ப்பவர்களில் காமிக்ஸ் சேகரிப்பாளர்களும் உண்டு.

வெளிநாட்டு ஏலச் செய்தியைப் படித்துவிட்டு வீட்டிலுள்ள பழைய புத்தகமெல்லாம் புதையல் என்று நினைப்பதும் சரியல்ல. ஒன்றுக்கும் ஆகாது என்று வீசுவதும் சரியல்ல. எந்தப் பிரதி அரிது, ஓவியரின் கையெழுத்து உள்ள பிரதியை ஏன் தேடுகிறார்கள், ஏமாறாமல் வாங்குவது எப்படி, நம் நாட்டுத் தட்பவெப்பத்தில் அவற்றைக் காப்பது எப்படி?

பழையதெல்லாம் அரிதல்ல

1938 ஜூன் மாத இதழாக அமெரிக்காவில் வெளிவந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழில்தான் சூப்பர்மேன் அறிமுகமானார். அப்போது அதன் விலை 10 காசு. அந்த இதழின் பிரதி ஒன்று 2024ஆம் ஆண்டில் 60 லட்சம் அமெரிக்க டாலருக்கு ஏலம் போனது.

சுமார் 2 லட்சம் பிரதிகள் அச்சானதாகச் சொல்லப்படும் அந்த இதழில் இன்று எஞ்சியிருப்பவை ஏறத்தாழ 100 மட்டுமே என்பது சேகரிப்பாளர்களின் கணிப்பு. மற்றவை எங்கே போயின? பிள்ளைகள் படித்துக் கிழித்தார்கள். பெற்றோர் குப்பையில் போட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்காவில் நடந்த பழைய தாள் சேகரிப்பில் கட்டுக்கட்டாகக் கூழாகின. யாரும் காப்பாற்ற நினைக்காததால்தான் அந்த இதழ் அரிதானது.

இதற்கு நேர்மாறாக நடந்தது 1991ஆம் ஆண்டில். ‘எக்ஸ்-மென்’ புதிய தொடரின் முதல் இதழ் பல்வேறு அட்டைகளுடன் வெளியாகி, 80 லட்சம் பிரதிகளுக்கு மேல் விற்றுக் கின்னஸ் சாதனை படைத்தது. பிற்காலத்தில் விலை ஏறும் என்று நம்பிய பலர் ஒன்றுக்கு நான்கைந்தாக வாங்கி, படிக்காமலேயே உறையில் போட்டுப் பூட்டி வைத்தார்கள். எல்லாரும் காப்பாற்றியதால் அது அரிதாகவே இல்லை. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகும் அதன் சாதாரணப் பிரதி சில டாலருக்கே கிடைக்கிறது. ‘பின்னாளில் விலை போகும்’ என்று சொல்லியே விற்ற அந்த வாணிபம் சில ஆண்டுகளில் சரிந்தது. அதை வெளியிட்ட மார்வல் நிறுவனமே 1996 டிசம்பரில் திவால் பாதுகாப்புக் கோரியது.

ஆக, ஒரு பிரதியின் மதிப்பைக் கணிக்க மூன்று கேள்விகள் போதும். எத்தனை பிரதிகள் எஞ்சியிருக்கின்றன? அதை எத்தனை பேர் தேடுகிறார்கள்? இந்தப் பிரதி எந்த நிலையில் இருக்கிறது? அதன் வயது இந்த மூன்றுக்கும் பிறகுதான்.

சிவகாசியிலிருந்து தோட்டத்துக்கு

தமிழ் வாசகர்களின் பெட்டிகளில் இருக்கக்கூடியவை பெரும்பாலும் சிவகாசி, சென்னை வெளியீடுகள். 1972இல் சிவகாசியிலிருந்து வெளிவரத் தொடங்கிய முத்து காமிக்ஸின் முதல் இதழ் ‘இரும்புக்கை மாயாவி’. 1984இல் அதே சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் வந்தது; அதன் முதல் இதழின் நாயகி மாடஸ்டி. அதே ஆண்டில் தினத்தந்தி குழுமத்தின் ராணி காமிக்ஸும் தொடங்கியது. அதற்கும் முன்பே இந்திரஜால் காமிக்ஸ் தமிழில் வந்திருக்கிறது.

இரும்புக்கை மாயாவி தமிழ்நாட்டில் பிறந்தவர் அல்லர். பிரிட்டனின் ‘வேலியண்ட்’ வார இதழில் 1962இல் தொடங்கிய தொடரின் நாயகன் அவர். கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்ட லூயி கிராண்டல், உடம்பில் மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவார்; அந்தக் கை மட்டும் வெளியே தெரியும். அதை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பெயின்காரர் வரைந்து, லண்டனில் அச்சாகி, சிவகாசியில் தமிழான அந்தக் கதை கடல் கடந்து இங்கும் வந்து சேர்ந்தது.

தமிழகத்து வார, மாத இதழ்களோடு நகரத்துக் கடைகளுக்கு வந்த காமிக்ஸை ஒரு வீட்டில் வாங்கினால், பல வீட்டுப் பிள்ளைகள் படிப்பார்கள். மலிவான செய்தித்தாள் காகிதம், மெல்லிய அட்டை. கை மாறக் மாறக் கிழிவது அதன் விதி. பிறகு தோட்டங்கள் கைமாறி, லயங்கள் இடிக்கப்பட்டு, குடும்பங்கள் அடுக்குமாடி வீடுகளுக்குப் பெயர்ந்தபோது முதலில் கழித்துவிடப்பட்டவை இத்தகைய பொருள்கள்தாம்.

இதில் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. மலேசியாவில் 1986ஆம் ஆண்டின் நூலகப் பொருள் ஒப்படைப்புச் சட்டம், இந்நாட்டில் வெளியாகும் நூல்களின் பிரதிகளைத் தேசிய நூலகத்தில் ஒப்படைக்கச் சொல்கிறது. சிவகாசியில் அச்சாகி இங்கு விற்கப்பட்ட இதழ்கள் அந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவை எஞ்சியிருந்தால் வீடுகளில்தான் எஞ்சியிருக்க வேண்டும்.

முதல் அச்சா, மறுபதிப்பா?

சேகரிப்பாளர்கள் முதலில் பார்ப்பது இதைத்தான். முத்து காமிக்ஸின் பழைய கதைகள் பின்னாளில் ‘காமிக்ஸ் கிளாசிக்ஸ்’ என்ற பெயரிலும், அண்மை ஆண்டுகளில் புதிய பதிப்புகளாகவும் மீண்டும் வந்துள்ளன. கதையைப் படிக்க விரும்புவோருக்கு மறுபதிப்பே போதும். தாளும் அச்சும் நன்றாகவே இருக்கும். சேகரிப்பாளர் தேடுவதோ முதலில் வந்த இதழை. அட்டையிலுள்ள இதழ் எண், அச்சிட்ட விலை, உள்ளே இருக்கும் வெளியீட்டு விவரம், பின்னட்டை விளம்பரம் ஆகியவற்றை ஒப்பிட்டால் எது முந்தியது என்று தெரிந்துவிடும்.

பெயரால் குழம்புவதும் உண்டு. ராணி காமிக்ஸில் ‘மாயாவி’ என்று வந்தவர் முகமூடி அணிந்த காட்டு நாயகர், ஆங்கிலத்தில் ஃபேண்டம். முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவி வேறு. ‘பழைய மாயாவி புத்தகம்’ என்று மட்டும் சொல்லி விற்பவரிடம் எந்த மாயாவி, எந்த வெளியீடு என்று கேட்டுக்கொள்வது நல்லது.

நம் நாட்டிலேயே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு டத்தோ லாட். முகமட் நோர் காலிட் என்ற இயற்பெயர் கொண்ட அவர் 1979இல் வெளியிட்ட ‘தி கம்போங் பாய்’ புத்தகத்தின் முதல் அச்சு 60,000 பிரதிகளுக்கும் மேல். நான்கே மாதங்களில் அது விற்றுத் தீர்ந்தது. அதன் பிறகும் பலமுறை அச்சானது. எல்லாரும் விரும்பும் புத்தகம். ஆனால் கிடைக்காத புத்தகம் அல்ல. அவருடைய முதல் சித்திரக்கதையான ‘தீகா செகாவான்’ வேறு வகை. அது 1964இல் வெளிவந்தபோது லாட்டுக்கு வயது 13. கிடைத்த சன்மானம் 25 வெள்ளி. பின்னாளில் நாடே அறியும் கலைஞர் ஆவார் என்று தெரியாமல், படித்துவிட்டுத் தூக்கிப் போட்ட சிறுவர்களின் கையில் போன புத்தகம் அது.

சிங்கப்பூரிலும் ஒன்று உண்டு. சிரம்பானில் பிறந்த ஓவியர் சன்னி லியூவின் ‘தி ஆர்ட் ஆஃப் சார்லி சான் ஹோக் சை’ 2015இல் வெளிவரும் வேளையில், சிங்கப்பூர் தேசியக் கலை மன்றம் அதற்கு அளித்த 8,000 வெள்ளி மானியத்தை மீட்டுக்கொண்டது. ஏற்கெனவே அச்சாகியிருந்த மன்றத்தின் சின்னத்தை ஒட்டுவில்லை போட்டு மறைத்து விற்க வேண்டியதாயிற்று. 1,000 பிரதிகள் கொண்ட முதல் அச்சு விரைவில் தீர்ந்தது. 2017இல் அந்தப் புத்தகம் மூன்று ஐஸ்னர் விருதுகளை வென்றது. அன்று அவசரத்தில் ஒட்டிய ஒட்டுவில்லைதான் இன்று முதல் அச்சுக்கு அடையாளம். அசிங்கமாக இருக்கிறதென்று அதை உரித்தெடுப்பவர் புத்தகத்தின் வரலாற்றையே உரித்தெடுக்கிறார்.

கையெழுத்து என்ன செய்கிறது?

அச்சுப் புத்தகம் என்றாலே ஒன்றைப் போலவே ஆயிரம் பிரதிகள். வரைந்தவர் அதில் கையெழுத்திட்ட நொடியில், அந்த ஒரு பிரதி மற்றவற்றிலிருந்து தனித்து நிற்கிறது. கதையைப் படைத்த கை இந்தத் தாளைத் தொட்டது என்பதுதான் அதன் கவர்ச்சி. பலருக்கு அது சந்திப்பின் நினைவும்கூட. வரிசையில் நின்றது, ஓவியர் பெயர் கேட்டது, இரண்டு வார்த்தை பேசியது எல்லாம் அந்த மையில் இருக்கிறது.

இந்தக் கவர்ச்சியைப் பதிப்பாளர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். பெல்ஜிய ஓவியர் ஹெர்ஜேயின் முதல் டின்டின் புத்தகம் 1930இல் வந்தபோது, 500 பிரதிகளுக்கு எண்ணிட்டுக் கையெழுத்திட்டார்கள். அதில் ஹெர்ஜே தம் பெயரை எழுதவில்லை. ‘டின்டின்’ என்று எழுதினார். பக்கத்தில் நாய்க்குட்டியின் பெயரில் கையெழுத்திட்டவர் ஹெர்ஜே பின்னாளில் மணந்துகொண்ட ஜெர்மேன். பிள்ளைகளுக்கு அது கதாபாத்திரமே அனுப்பிய கையெழுத்து.

ஐரோப்பிய ஓவியர்கள் பலர் கையெழுத்தோடு சிறு படமும் வரைந்து கொடுப்பதுண்டு. வெறும் கையெழுத்தைவிட அதற்கு மதிப்பு கூடுதல். ஓவியர் அதற்குச் செலவிடும் நேரம் ஒரு காரணம். ஒருவரின் கோட்டைப் போலி செய்வது அவர் பெயரைப் போலி செய்வதைவிடக் கடினம் என்பது மற்றொன்று.

‘அன்புடன் இன்னாருக்கு’ என்று வாங்குபவரின் பெயரோடு கையெழுத்துப் பெறலாமா என்று பலர் கேட்பார்கள். விற்பனை நோக்கில் பார்த்தால், வேறொருவர் பெயர் உள்ள பிரதிக்கு விலை சற்றுக் குறைவது வழக்கம். விற்கப் போவதில்லை என்றால் பெயரோடு பெறுவதே நல்லது. வீட்டில் அடுத்த தலைமுறைக்கு அந்தப் பிரதியின் கதையைச் சொல்ல அந்த ஒரு வரி போதும்.

தமிழ் காமிக்ஸில் ஒரு சிக்கல் இருக்கிறது. அவற்றில் பெரும்பாலானவை மொழிபெயர்ப்புகள். அக்காலப் பிரிட்டிஷ் வார இதழ்கள் ஓவியர், எழுத்தாளர் பெயரைப் பெரும்பாலும் அச்சிடவே இல்லை. இரும்புக்கை மாயாவியைப் பல ஆண்டுகள் படித்தவர்களுக்கும் பிளாஸ்கோவின் பெயர் தெரியாமல் போனது இதனால்தான். அவர் 1995இல் காலமாகிவிட்டார். தமிழ் இதழில் அவர் கையெழுத்து இருக்கிறது என்று யாராவது விற்க வந்தால், வியப்பதற்கு முன் சந்தேகப்பட வேண்டும். தமிழ் காமிக்ஸ் வாசகர் சந்திக்கக்கூடியவர் ஆசிரியர்தான். ஈரோடு புத்தகத் திருவிழாவையொட்டி லயன்-முத்து காமிக்ஸ் ஆசிரியர் எஸ். விஜயனை வாசகர்கள் கூடிச் சந்திப்பது வழக்கமாகியிருக்கிறது.

சாட்சி இல்லாத கையெழுத்து

கையெழுத்து உண்மை என்பதற்கு என்ன ஆதாரம்? மதிப்பெல்லாம் இந்தக் கேள்விக்கான பதிலில்தான் தங்கியிருக்கிறது.

அமெரிக்காவில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய சி.ஜி.சி. என்ற தர மதிப்பீட்டு நிறுவனம் காமிக்ஸ் இதழ்களைச் சோதித்து, 0.5 முதல் 10 வரை மதிப்பெண் கொடுத்து, கெட்டியான பிளாஸ்டிக் பெட்டகத்தில் அடைத்துத் தருகிறது. ஓவியர் கையெழுத்திடும்போது அந்நிறுவனத்தின் சாட்சி நேரில் இருந்து பார்த்திருந்தால், பெட்டகத்தில் மஞ்சள் சீட்டு ஒட்டப்படும். சாட்சி இல்லாமல் பெற்ற கையெழுத்துக்கு வழக்கமாகப் பச்சைச் சீட்டுதான். அதாவது, அட்டையில் யாரோ பேனாவால் எழுதியிருக்கிறார்கள் என்ற அளவில் அது குறையாகவே பதிவாகும். கையெழுத்து உண்மையாகவே இருக்கலாம். நிரூபிக்க வழியில்லை என்பதுதான் குறை.

ஒரு பிரதி கடந்து வந்த பாதை தெளிவாக இருந்தால் அதற்கே விலை உண்டு. ஹாலிவுட் நடிகர் நிக்கோலஸ் கேஜிடம் இருந்த ‘ஆக்‌ஷன் காமிக்ஸ்’ முதல் இதழ் 2000ஆம் ஆண்டில் அவர் வீட்டிலிருந்து திருடு போனது. 2011இல் கலிபோர்னியாவில் ஒரு வாடகைக் கிடங்கில் அகப்பட்டது. அதே ஆண்டில் 21 லட்சம் டாலருக்கு மேல் விலை போனது. அதே பிரதிதான் என்று உறுதியாகத் தெரிந்ததால் திருட்டுக் கதையும் அதன் பெருமையோடு சேர்ந்துகொண்டது.

பெட்டகத்தில் அடைத்த புத்தகத்தைத் திறந்து படிக்க முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். விலை பெரிதாக இல்லாத புத்தகத்துக்கு அஞ்சல், காப்பீடு, கட்டணம் எல்லாம் சேர்த்தால் செலவு புத்தக விலையை மிஞ்சிவிடும். நம்மில் பெரும்பாலோருக்கு எளிய சாட்சிகளே போதும். ஓவியர் கையெழுத்திடும்போது எடுத்த படம், நிகழ்ச்சி நுழைவுச் சீட்டு, வாங்கிய ரசீது, தேதியும் இடமும் எழுதிய சிறு குறிப்பு ஆகியவற்றைப் புத்தகத்தோடு ஒரே உறையில் வைத்தால் போதும். டிசம்பரில் கோலாலம்பூரில் நடக்கும் காமிக் ஃபியஸ்டா போன்ற நிகழ்ச்சிகளில் உள்ளூர் ஓவியர்களிடம் கையெழுத்துப் பெறுவோர் இதைப் பழக்கமாக்கிக்கொள்ளலாம்.

வாங்கும் முன் பார்க்க வேண்டியவை

முதலில் தேதிக் கணக்கு. ஸ்டேன் லீ 2018 நவம்பரில் காலமானார். ஹெர்ஜே 1983 மார்ச்சில். அவர்கள் மறைந்த பிறகு அச்சான பதிப்பில் அவர்கள் கையெழுத்து இருந்தால், அது அச்சிட்ட கையெழுத்தாகவோ போலியாகவோதான் இருக்கும்.

இரண்டாவது, பூதக்கண்ணாடி. புத்தகத்தோடு அச்சான கையெழுத்து, படங்களைப் போலவே நுண்ணிய புள்ளிகளாகத் தெரியும். பேனா மை ஒரே ஓட்டமாக இருக்கும். கோடு தொடங்கும் இடத்திலும் முடியும் இடத்திலும் அழுத்தம் மாறும். எல்லாப் பிரதிகளிலும் கையெழுத்து அச்சு மாறாமல் ஒன்றுபோல் இருந்தால் அது இயந்திரமோ ரப்பர் முத்திரையோ போட்டது.

மூன்றாவது, சான்றிதழ். ‘உண்மைச் சான்றிதழ்’ என்று ஒரு தாளை யாரும் அச்சடித்துவிடலாம். அதைக் கொடுத்தவர் யார், சான்றிதழில் உள்ள எண்ணை அவருடைய பதிவேட்டில் சரிபார்க்க முடியுமா என்று பார்க்க வேண்டும்.

நான்காவது, அட்டை. பழைய இதழுக்குப் புது வண்ணப் பிரதி எடுத்த அட்டையை மாட்டி விற்பதும் நடக்கக்கூடியது. உள்தாள் பழுத்திருக்க, அட்டை மட்டும் பளிச்சென்று இருந்தால் ஊக்குத் துளைகளைக் கவனியுங்கள். துருவின் கறை தாளில் இருந்து அட்டையில் இல்லை என்றால் அந்த அட்டை பிற்பாடு வந்தது.

ஈரக்காற்றில் காகிதம்

செய்தித்தாள் காகிதத்தில் மரக்கூழின் லிக்னின் அப்படியே இருப்பதால், வெளிச்சமும் காற்றும் பட்டால் அமிலம் கூடித் தாள் மஞ்சளாகி நொறுங்கும். நம் நாட்டில் காற்றின் ஈரப்பதம் பெரும்பாலும் 80 விழுக்காட்டை ஒட்டியே இருக்கும். காகிதத்துக்கு ஏற்றது 50 விழுக்காடு அளவு. அதனால் பூஞ்சையும் பூச்சியும் சீக்கிரம் வந்துவிடுகின்றன.

தகரக் கூரைக்கு அடியிலுள்ள பரணும், வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியும் வேண்டாம். உள்அறையில், தரையிலிருந்து உயர்த்தி வைப்பதே நல்லது. பி.வி.சி. உறை நாளடைவில் தாளில் ஒட்டிக்கொள்ளும். பாலிபுரோப்பிலீன் அல்லது மைலார் உறை வாங்கி, அமிலம் இல்லாத அட்டையை முதுகுக்கு வையுங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை அவ்வப்போது மாற்றுங்கள். கிழிசலுக்கு ஒட்டும் நாடா போடாதீர்கள். அதன் பசை தாளைக் கறையாக்கும். லேமினேட் செய்தால் மீட்கவே முடியாது. கையெழுத்து உள்ள பக்கத்தில் வெயில் படவே கூடாது; மை வெளிறிப்போகும்.

லாரி வரும் முன்

பெட்டியைத் திறந்தால் உடனே விலை பேச வேண்டாம். ஒவ்வொரு புத்தகத்தின் முன்னட்டை, பின்னட்டை, வெளியீட்டு விவரப் பக்கம் ஆகியவற்றைக் கைப்பேசியில் படம் எடுங்கள். வெளியீட்டின் பெயர், இதழ் எண், விலை ஆகியவற்றை ஒரு தாளில் பட்டியலிடுங்கள். துடைப்பதோ தைப்பதோ ஒட்டுவதோ அதற்குப் பிறகும் வேண்டாம். பட்டியல் இருந்தால் சேகரிப்பாளரிடம் கேட்கலாம். இரண்டு மூன்று பேரிடம் விலை ஒப்பிடலாம். பெரும்பாலான புத்தகங்களுக்குப் பெரிய விலை கிடைக்காது என்பதையும் மனத்தில் கொள்ள வேண்டும்.

பட்டியல் எடுக்கும்போது உள்அட்டையையும் பாருங்கள். அங்கே ஒரு பிள்ளையின் பெயர், தோட்டத்தின் பெயர், பள்ளி வகுப்பு, கடையின் ரப்பர் முத்திரை, இரவல் வாங்கியவரின் பெயர் எதுவாவது இருக்கலாம். சந்தையில் இவையெல்லாம் குறைகள், மதிப்பெண் குறையும். ஆனால் சிவகாசியில் அச்சான ஒரு கதை எந்தத் தோட்டத்துக்கு வந்தது, யார் படித்தார், யாருக்குக் கொடுத்தார் என்பதை வேறு எந்தப் பதிவேடும் சொல்லப் போவதில்லை. அந்தத் தோட்டமே இன்று இல்லாமல் போயிருக்கலாம்.

அந்தப் பக்கத்தையும் படம் எடுத்து, பெயருக்குரியவர் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். புத்தகத்தை விற்பதா, வைத்துக்கொள்வதா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.